கிராண்ட் கேன்யனின் குடிநீர்க் குழாயை மாற்றுவது ஏன் இவ்வளவு பெரிய வேலை?

2024 ஆகஸ்ட் கடைசி. அமெரிக்காவில் தொழிலாளர் தினத்தை ஒட்டி மூன்று நாள் விடுமுறை வரும் நேரம். எந்தச் சுற்றுலாத் தலத்திலும் அறை கிடைக்காது. அப்போது பார்த்து அரிசோனா மாநிலத்தின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா, தென் விளிம்பில் உள்ள விடுதிகளில் இரவு தங்க யாருக்கும் அனுமதி இல்லை என்று அறிவித்தது. 1905-ல் திறந்த எல் தோவார் ஓட்டல் உட்பட எல்லா விடுதிகளும் காலியாயின. பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். கூடார முகாம்களின் குழாய்களை மூடிவிட்டார்கள்; விறகு மூட்டவும் தடை. இத்தனைக்கும் காட்டுத்தீ இல்லை, வெள்ளம் இல்லை. பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும் ஒரு பழைய தண்ணீர்க் குழாய் ஜூலை 8-க்குப் பிறகு நான்கு இடங்களில் பெரிதாக உடைந்திருந்தது. மேலே தண்ணீர் ஏறவில்லை. செப்டம்பர் 5-ம் தேதிதான் விடுதிகளைத் திறக்க முடிந்தது. 2025 டிசம்பரில் மறுபடி உடைப்பு, மறுபடி அதே கதை.

உடைவது தெரிந்ததுதான். 2010-லிருந்து 85-க்கும் மேற்பட்ட பெரிய உடைப்புகள் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. பிறகு ஏன் இத்தனை வருடம் மாற்றாமல் விட்டார்கள்? ஒரு குழாயைத் தோண்டி எடுத்துவிட்டு இன்னொன்றைப் பதிப்பதில் அப்படி என்ன சிரமம்? நம் தெருவில் குடிநீர் வாரியம் பள்ளம் தோண்டும்போது நமக்கு எழும் கேள்வியேதான். இங்கே பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் அந்தக் குழாய் யாருக்காக என்று பார்ப்போம். தென் விளிம்பில் சுமார் 2,500 பேர் வருடம் முழுக்க வசிக்கிறார்கள். பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், தபால் நிலையம், தீயணைப்பு நிலையம் எல்லாம் உண்டு. ஆண்டுக்கு ஐம்பது லட்சத்தை ஒட்டிய பார்வையாளர்கள் வந்து போகிறார்கள். சட்டப்படி அது நகராட்சி கிடையாது. ஆனால் தேசியப் பூங்கா நிர்வாகம் அங்கே பார்ப்பது நகராட்சி வேலைதான்: குடிநீர் கொடுப்பது, கழிவுநீரைச் சுத்திகரிப்பது, தீயணைப்பு வண்டிக்கு எந்நேரமும் குழாயில் அழுத்தம் இருக்கும்படி வைத்திருப்பது. மரத்தாலான பழங்கட்டிடங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும் ஊரில் கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் இல்லை. விறகு மூட்டத் தடை போட்டது அதனால்தான்.

இந்த மொத்த ஊருக்கும் தண்ணீர் வருவது ஒரே ஒரு ஊற்றிலிருந்து. அந்த ஊற்று ஊர்ப்பக்கம் இல்லை. பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவில், வட விளிம்புக்குக் கீழே இருக்கிறது. பெயர் ரோரிங் ஸ்பிரிங்ஸ். இரு விளிம்புகளுக்கும் நேர்க்கோட்டில் 16 கி.மீ.தான், சாலை வழியாகச் சுற்றிப் போனால் ஏறக்குறைய 340 கி.மீ.

ஏன் அந்தப் பக்கத்தில் மட்டும் ஊற்று? இந்த நிலத்தின் பாறை அடுக்குகள் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி லேசாகச் சரிந்திருக்கின்றன. வட விளிம்பு தென் விளிம்பைவிடச் சுமார் 400 மீட்டர் உயரம் என்பதால் அங்கே பனியும் மழையும் அதிகம். உருகிய பனி சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, சரிவைப் பிடித்துத் தெற்கே நகர்ந்து, பள்ளத்தாக்குச் சுவர் குறுக்கிடும் இடத்தில் அருவியாகக் கொட்டுகிறது. தென் விளிம்பில் பெய்யும் மழையும் அதே சரிவைப் பிடித்துத் தெற்கேதான் போகும், அதாவது பள்ளத்தாக்கை விட்டு விலகி. காலடியில் கொலராடோ ஆறே ஓடினாலும் மேலே இருப்பவனுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாத நிலை அப்படித்தான் வந்தது.

1901-ல் அங்கே ரயில் வந்தது. அதன் பிறகு முப்பது வருடம் குடிநீரே ரயிலில் தொட்டி தொட்டியாக வந்தது. ஓட்டல் அறைக்கு வாடகை கொடுப்பவர் குளிக்கும் தண்ணீர் நூறு மைல் தாண்டிப் பயணம் செய்திருக்கும். இந்த அருமை தெரிந்ததால் 1926-லேயே கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் புல்தரைக்கும் தனிக் குழாயில் விட்டார்கள். அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் இடங்களில் இது ஒன்று. 1932-ல் விளிம்புக்குக் கீழே 900 மீட்டர் ஆழத்தில் இருந்த ஒரு சிறிய ஊற்றிலிருந்து தண்ணீர் ஏற்றத் தொடங்கினார்கள். கூட்டம் பெருகவே அதுவும் போதவில்லை. அப்படித்தான் எதிர்ச் சரிவின் பெரிய ஊற்றிலிருந்து குழாய் இழுக்கும் யோசனை பிறந்தது.

வேலை 1965-ல் தொடங்கியது. 1966 டிசம்பரில் பல நாள் விடாமல் பெய்த மழையில் பிரைட் ஏஞ்சல் ஓடை பெருக்கெடுத்து, பதித்திருந்த குழாயைப் பல இடங்களில் சுருட்டிக்கொண்டு போனது. அதே மழையில் பக்கத்துக் கிரிஸ்டல் ஓடை அடித்துவந்த பாறைகள் கொலராடோ ஆற்றில் விழுந்து, இன்றும் படகோட்டிகள் பயப்படும் ஒரு பாய்ச்சலை உண்டாக்கின. அவ்வளவு பெரிய எச்சரிக்கைக்குப் பிறகும் குழாயை அதே ஓடைக்கரையில் திரும்பப் பதித்து 1970-ல் முடித்தார்கள். வேறு வழி இருக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் இன்றைய தொல்லையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

குழாய் ஓடும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். ஊற்று கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கிருந்து ஓடையை ஒட்டி ஏறக்குறைய 15 கி.மீ. கீழே இறங்கி, 750 மீட்டர் உயரத்தில் ஃபேன்டம் ராஞ்ச் என்ற தங்குமிடத்தை அடைகிறது. பக்கத்தில் கொலராடோ ஆறு. சில்வர் பிரிட்ஜ் என்ற தொங்கு நடைபாலத்தின் அடியில் தொங்கியபடி குழாய் ஆற்றைக் கடக்கிறது. அந்தப் பாலத்தைக் கட்டியதே குழாய்க்காகத்தான். அக்கரையில் மறுபடி ஏறி, 1,160 மீட்டர் உயரத்தில் ஹவாசுபாய் கார்டன்ஸ் என்ற சோலையை அடைகிறது. இதுவரை பம்பே கிடையாது. கட்டிட வேலையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்க ஒரு தண்ணீர் டியூப் வைத்திருப்பார்களே, அதன் தத்துவம்தான்: ஒரு முனையில் தண்ணீர் உயரமாக நின்றால், நடுவில் டியூப் எவ்வளவு தாழ்ந்து தொங்கினாலும் மறுமுனையில் அந்த மட்டம்வரை எழும்பும். ஊற்று சோலையைவிட 300 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் தானே வந்து சேர்கிறது. சோலையிலிருந்து தென் விளிம்புக்கு மீதி 900 மீட்டரை மட்டும் பம்புகள் ஏற்றுகின்றன.

மின்சாரச் செலவு பார்த்தால் அருமையான வடிவமைப்பு. ஆனால் குழாயின் உடம்புக்குக் கொடுமை. பத்து மீட்டர் நீர்த்தூண் என்பது ஒரு வளிமண்டல அழுத்தம். ஆற்றருகே குழாய் சோலையைவிட 400 மீட்டர் தாழ்வாக இருக்கிறது. ஆகவே அங்கே தண்ணீர் குழாய்ச் சுவரைக் குறைந்தது 40 வளிமண்டல அழுத்தத்தோடு தள்ளும். நம் வீட்டுக் குழாயில் இரண்டு, மூன்று இருந்தாலே நல்ல அழுத்தம் என்போம்.

இந்த அழுத்தத்தைத் தாங்க அவர்கள் தேர்ந்தெடுத்தது அலுமினியம். அதன் எடை எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்கு; துருவும் பிடிக்காது. சாலையே இல்லாத இடத்துக்குக் கொண்டுபோக அதுதான் வசதி. ஆனால் அலுமினியம் மென்மையான உலோகம். வளைவுகளில் தண்ணீர் வேகமாகத் திரும்பும்போது உள்ளிருக்கும் நுண்மணல் சுவரைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அரை நூற்றாண்டுத் தேய்மானத்தில் சுவர் மெலிந்துபோகும். வெளியிலோ, கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலும் குளிர்காலத்து உறைபனியும் மாறி மாறி வந்து குழாயை நீட்டிச் சுருக்குகின்றன. மேலிருந்து பாறை விழுகிறது, பக்கத்திலிருந்து ஓடை மண்ணை அரிக்கிறது. குழாய் ஆழமாகவும் புதையவில்லை. பெரும்பாலும் நடைபாதைக்கு அடியிலேயே, அதிக மண் மூடாமல் கிடக்கிறது. அதிகம் உடைவது ஃபேன்டம் ராஞ்சுக்கு வடக்கே ஓடை குறுகிப் போகும் பகுதியில். இருபுறமும் கரும்பாறைச் சுவர் செங்குத்தாக நிற்கும். நடுவில் ஓடை, ஓடையை ஒட்டி ஒற்றையடிப் பாதை, பாதைக்கு அடியில் குழாய். வேறு எதற்கும் இடமில்லை.

உடைப்பு ஏற்பட்டால் என்ன நடக்கும்? முதலில் அழுத்தம் குறைவது கருவியில் தெரியும். வால்வை மூடிவிட்டு, எங்கே உடைந்தது என்று நடந்தோ ஹெலிகாப்டரில் பறந்தோ தேட வேண்டும். பிறகு ஆட்கள், வெல்டிங் சாமான்கள், மாற்றுத்துண்டு எல்லாம் ஹெலிகாப்டரில் இறங்கும். பாதையைத் தோண்டி, கிழிந்த பகுதியை அறுத்து எடுத்து, புதுத்துண்டை வெல்டிங் செய்வார்கள். அதன் பிறகுதான் பொறுமை தேவைப்படும் வேலை. காலியான குழாயில் தண்ணீரை மெதுவாக நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டு வேகமாக விட்டால் சிறைப்பட்ட காற்றும் பாயும் நீரும் மோதிக்கொண்டு, ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு இடம் பிளக்கும். 2024-ல் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு உடைப்புகள் வந்ததை இந்தப் பின்னணியில் பார்த்தால் ஆச்சரியம் குறையும். மெலிந்த குழாயில் ஒரு இடத்தைப் பலப்படுத்தினால், அழுத்தம் அடுத்த மெலிந்த இடத்தைத் தேடிப் போகிறது.

ஒரு உடைப்பைச் சரிசெய்யப் பல சமயம் 25,000 டாலருக்கு மேல் ஆகிறது என்பது நிர்வாகத்தின் பழைய கணக்கு. விளிம்பில் பெரிய சேமிப்புத் தொட்டிகள் இருப்பதால் சில நாள் தாக்குப்பிடிக்கலாம். அது வற்றத் தொடங்கினால் உணவகத்தில் காகிதத் தட்டு வரும், துணி வெளுப்பது நிற்கும், கடைசியில் விடுதி மூடும்.

இவ்வளவு தொல்லைக்கு விளிம்பிலேயே போர்வெல் போட்டுவிட்டால் என்ன? நம் ஊர்க்காரர் யாரும் முதலில் கேட்பது இதைத்தான். பூங்காவின் தெற்கு வாசலுக்கு வெளியே இருக்கும் டுசாயன் என்ற சிற்றூர் அப்படித்தான் வாழ்கிறது; ஏறக்குறைய 900 மீட்டர் ஆழமுள்ள கிணறுகள். ஆனால் அந்த ஆழத்து நீர் யாருக்கும் சொந்தமில்லாமல் சும்மா தேங்கிக் கிடப்பதில்லை. அதே நீரடுக்குதான் மேற்கே ஹவாசுபாய் பழங்குடியினர் வாழும் பள்ளத்தாக்கில் நீலப்பச்சை ஊற்றாகப் பொங்குகிறது. தென் சரிவின் சிறு சிறு ஊற்றுகளுக்கும் அதுதான் தாய். மேலே உறிஞ்சினால் கீழே எங்கோ ஓர் ஊற்று மெலியும். எத்தனை வருடம் கழித்து, எந்த ஊற்று என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். உடைந்த குழாய்க்குப் பதிலாக வற்றிய ஊற்று என்றால் அது நல்ல பேரம் ஆகாது.

ஆக, குழாய் வேண்டும். மாற்றவும் வேண்டும். இங்கேதான் சுற்றுச்சூழல் விஷயம் உள்ளே வருகிறது.

காலத்தைக் கவனியுங்கள். பழைய குழாய் முடிந்தது 1970-ல். எந்த மத்திய அரசுத் திட்டமும் நிலத்துக்கும் உயிர்களுக்கும் என்ன செய்யும் என்று முன்கூட்டியே எழுதி, மாற்று வழிகளையும் வைத்து, மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 1970-ன் முதல் நாள்தான். அழியும் உயிரினங்களுக்கான சட்டம் 1973. அதாவது பழைய குழாய் எந்தக் கேள்வியும் இல்லாமல் பதிக்கப்பட்டது. புதியது எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் மண்ணைத் தொட முடியும். இந்தத் திட்டத்துக்கான சுற்றுச்சூழல் மதிப்பீடு 2018-ல் மக்கள் பார்வைக்கு வந்தது.

அங்கே காக்க வேண்டியவை எவை? பிரைட் ஏஞ்சல் ஓடையில் ஹம்ப்பேக் சப் என்று ஒரு மீன் இருக்கிறது. முதுகில் திமில் உள்ள இந்த மீன் கொலராடோ ஆற்றுப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 1967-லிருந்து அழியும் உயிரினப் பட்டியலில் இருந்து, 2021-ல்தான் ஒரு படி இறங்கி ‘அச்சுறுத்தலுக்கு உள்ளானது’ என்ற நிலைக்கு வந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன்கள் அதன் குஞ்சுகளைத் தின்றதால், அவற்றை வருடக்கணக்கில் பிடித்து அகற்றிவிட்டு, 2018-ல்தான் ஹம்ப்பேக் சப்பை இந்த ஓடையில் திரும்ப விட்டார்கள். அப்படிப்பட்ட ஓடையின் கரையைத் தோண்டினால் சேறு கரைந்து, முட்டையிடும் சரளைக்கல் இடுக்குகளை அடைத்துவிடும். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. புதுக்குழாயைக் கிருமி நீக்க நிறையக் குளோரின் கலந்த நீரை நிரப்பி வெளியேற்றுவார்கள். மனிதனுக்குக் குடிநீரைப் பாதுகாக்கும் குளோரின், மிகச் சிறிய அளவிலேயே மீனின் செவுளைக் கருக்கிவிடும். ஆகவே அந்த நீரின் குளோரினை வேதிப்பொருள் போட்டு முறித்த பிறகே வெளியே விடலாம்.

பாறை இடுக்குகளில் மெக்ஸிகோ புள்ளி ஆந்தை கூடு வைக்கிறது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இனப்பெருக்கக் காலம். அந்த மாதங்களில் கூட்டுக்கு அருகே ஹெலிகாப்டர் இரைச்சலும் வெடிவைப்பும் கூடாது. 1996 முதல் இந்தப் பகுதியில் விடப்பட்ட கலிஃபோர்னியா காண்டோர் கழுகுக்கோ நேர்மாறான குணம்: ஆள் நடமாட்டமும் பளபளக்கும் பொருளும் கண்டால் வேடிக்கை பார்க்க வந்துவிடும். கீழே கிடக்கும் திருகாணி, வாஷர், கம்பித்துண்டை விழுங்கிவைக்கும். ஆகவே ஒவ்வொரு மாலையும் ஆணி விடாமல் பொறுக்கியாக வேண்டும். ஒரு குழாய் ஒப்பந்தத்தில் பெருக்கித் துடைப்பதற்கு இவ்வளவு முக்கியத்துவம் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மனிதர்கள் கதை இதைவிடக் கனமானது. ஃபேன்டம் ராஞ்ச் அருகே, ஓடை ஆற்றில் கலக்கும் இடத்தில், ஏறத்தாழ 900 வருடத்துக்கு முந்தைய கல் வீடுகளின் அடித்தளங்கள் இருக்கின்றன. பள்ளத்தாக்கைத் தம் பூர்வீகமாகக் கொண்ட 11 பழங்குடிகளை நிர்வாகம் அங்கீகரிக்கிறது. சோலையில் பரம்பரையாக விவசாயம் செய்த ஹவாசுபாய் மக்களைப் பூங்கா நிர்வாகம் வெளியேற்றியது. கடைசிக் குடியிருப்பாளர் கிளம்பியது 1928-ல். அதே வருடம்தான் ஆற்றின் மேல் இன்னொரு தொங்குபாலம் கட்டினார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள அதன் கம்பிவடங்களைத் தோளில் சுமந்து பள்ளத்தாக்குக்குள் இறக்கியவர்கள் 42 ஹவாசுபாய் ஆண்கள். அந்தச் சோலைக்கு ‘இந்தியன் கார்டன்’ என்றிருந்த பெயர் 2022 நவம்பரில்தான் ‘ஹவாசுபாய் கார்டன்ஸ்’ ஆனது. பம்ப் நிலையம் இருப்பது அங்கேதான். அந்த மண்ணில் பள்ளம் தோண்டும்போது தொல்லியல் கண்காணிப்பாளர் பக்கத்தில் நிற்பதைச் சம்பிரதாயம் என்று யாரும் ஒதுக்க முடியாது.

இத்தனை நிபந்தனைகளைப் பார்க்கும்போது, பேசாமல் பழசையே ஒட்டுப்போட்டு ஓட்டலாமே என்று தோன்றும். பல ஊர்களில் அப்படித்தான் தள்ளிப்போடுகிறார்கள், பெயர் மட்டும் ‘இயற்கையைத் தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்பது. என் கருத்தில் இது தப்புக் கணக்கு. ஒவ்வொரு உடைப்பும் உயர் அழுத்த நீரைச் சரிவில் பீய்ச்சி, மண்ணை அரித்து ஓடையில் கொட்டுகிறது. ஒவ்வொரு பழுதுக்கும் ஹெலிகாப்டர் வருகிறது. ஆந்தையின் இனப்பெருக்கக் காலமா என்று உடைப்பு பார்ப்பதில்லை. 85 முறை திட்டமில்லாமல் தோண்டியதும் தோண்டல்தான். அதற்கு எந்த மதிப்பீட்டு அறிக்கையும் எழுதப்படவில்லை என்பதால் அது சேதமில்லை என்றாகிவிடாது.

சரி, எப்படி மாற்றுகிறார்கள்? சாதாரணமாக மூன்று வழிகள் உண்டு. பழைய தடத்திலேயே தோண்டிப் புதுக்குழாய் வைக்கலாம். பழைய குழாய்க்குள் சற்றுச் சிறிய குழாயை நுழைக்கலாம், அல்லது உள்ளே பிசின் உறை ஒட்டலாம். நகரங்களில் இது பிரபலம், தோண்டல் குறைவு. இல்லையென்றால் பூமிக்கடியில் கிடைமட்டமாகத் துளைபோட்டுக் குழாயை இழுக்கலாம். ஆறுகளுக்கும் சதுப்புநிலங்களுக்கும் அடியில் கடக்க இதையே விரும்புவார்கள். அதிலும் ஒரு ஆபத்து உண்டு: துளையைத் திறந்து வைக்க அழுத்தத்தோடு செலுத்தும் களிமண் குழம்பு, பாறை வெடிப்பு வழியாக மேலே பீறிட்டு ஆற்றில் கலந்துவிடக்கூடும். கிராண்ட் கேன்யனின் அந்தக் குறுகலான ஓடைப் பகுதியில் முதல் வழிக்கு வெள்ளம் விடாது. இரண்டாவதற்கு அழுத்தமும் எண்ணற்ற வளைவுகளும் விடாது. மூன்றாவதற்குத் துளைபோடும் பெரிய இயந்திரத்தை இறக்கி நிறுத்தவே இடமில்லை.

அவர்கள் கண்ட விடை வேறு மாதிரியானது. ஊற்று நீர் முழுக்கக் குழாயில் போவதில்லை. மீதி பிரைட் ஏஞ்சல் ஓடையாக அதே ஃபேன்டம் ராஞ்சுக்குத்தான் ஓடிவருகிறது. ஓடை வற்றுவதும் இல்லை. அப்படியானால் ஊற்றிலேயே பிடித்து 15 கி.மீ. குழாயில் ஏன் கொண்டுவர வேண்டும்? ஓடை கொண்டுவந்து சேர்த்த பிறகு கீழே எடுத்துக்கொண்டால் போயிற்று. புதிய திட்டத்தில் தண்ணீர் எடுக்கும் இடம் ஃபேன்டம் ராஞ்ச் அருகே நகர்கிறது. இனித் தென் விளிம்பின் குடிநீர் அதிகம் உடையும் அந்தப் பகுதியை நம்பி இருக்காது. கூடவே, மேலேயே பிடிக்கப்பட்டு வந்த நீர் இனி அந்த 15 கி.மீ. ஓடையிலும் ஓடும், மீனுக்கும் கரையோர மரங்களுக்கும் அது கூடுதல் வரவு. எந்தக் குழாய் போடலாம் என்பதோடு நிற்காமல், எவ்வளவு குழாய் போடாமல் தப்பிக்கலாம் என்றும் யோசித்த அந்த முடிவு மொத்தத் திட்டத்திலும் எனக்கு மிகவும் பிடித்தது.

விலை இல்லாமல் இல்லை. புவியீர்ப்பு இலவசமாகச் செய்த வேலையை இனி மின்சாரம் செய்ய வேண்டும். சோலையிலிருந்து 900 மீட்டர் ஏற்றியது போய், ஓடை மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டும். ஆயிரம் லிட்டரை அவ்வளவு உயரம் ஏற்ற, பம்பில் வீணாவதையும் சேர்த்தால் சுமார் 5 யூனிட் மின்சாரம் ஆகும். பழைய முறையில் மூன்றரை ஆகும். எனவே பம்ப் நிலையம், மின்கம்பி எல்லாமே புதுசாக வேண்டும். இரண்டாவது, பாறைக்குள்ளிருந்து வரும் ஊற்று நீருக்குக் குளோரின் கலந்தாலே பெரும்பாலும் போதும். திறந்த ஓடையில் கோவேறு கழுதை நடக்கிறது, மனிதன் குளிக்கிறான், மழைக்குச் சேறு வருகிறது. அமெரிக்க விதிப்படி அதை வடிகட்டாமல் கொடுக்க முடியாது. ஆகவே தென் விளிம்பில் முழு அளவிலான சுத்திகரிப்பு நிலையமும் திட்டத்தில் சேர்ந்தது. எல்லாம் சேர்த்து 20.8 கோடி டாலர். நம் பணத்தில் 1,700 கோடி ரூபாய்க்கு மேல். 2023-ல் வேலை தொடங்கியது. 2027-ல் முடிப்பதாக இலக்கு.

ஒப்பந்ததாரரின் சிரமத்தை நினைத்தால் தொகையில் பாதி நியாயப்படும். லாரி போகாது. குழாய், சிமென்ட், சிறு இயந்திரங்கள், சாப்பாடு எல்லாம் ஹெலிகாப்டரில். மேலே பனியடிக்கும் அன்று கீழே இதமாக இருக்கலாம். கீழே நல்ல வெயில் காலம் என்றால் நண்பகலில் ஆள் வேலை செய்ய முடியாது. வெளியிலிருந்து வரும் எந்த இயந்திரத்தையும் கழுவி மண்ணையும் களைவிதையையும் போக்கிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

நடைப்பயணிகளுக்கும் இது பாதிப்புதான். பிரைட் ஏஞ்சல் பாதையின் கீழ்ப்பகுதி, ஆற்றோரப் பாதை, சில்வர் பிரிட்ஜ், ஃபேன்டம் ராஞ்ச் பக்கத்து முகாம் எல்லாம் 2023 கடைசியிலிருந்து மாதக்கணக்கில் மூடப்பட்டன. ஆற்றைக் கடக்க 1928-ல் கட்டிய அந்தப் பழைய பாலம் மட்டும் மிஞ்சியது. கோவேறு கழுதைகளுக்கு இதில் எந்த மாற்றமும் இல்லை. சில்வர் பிரிட்ஜின் தளம் ஆறு தெரியும் கம்பிவலை என்பதால் அவை எப்போதும் அதன்மேல் காலெடுத்து வைத்ததே கிடையாது.

வேலை பாதியில் இருக்கும்போது, 2025 ஜூலை 4-ம் தேதி வட விளிம்பில் மின்னல் விழுந்து டிராகன் பிராவோ காட்டுத்தீ தொடங்கியது. அடுத்த வாரக் கடைசியில் காற்று திரும்பி, பழம்பெரும் கிராண்ட் கேன்யன் லாட்ஜையும் வட விளிம்பின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையும் எரித்தது. அங்கிருந்து குளோரின் வாயு கசிந்தது. குளோரின் காற்றைவிடக் கனமானது; சரிவைப் பிடித்துக் கீழே இறங்கித் தங்கும். அதனால் தீ எட்டாத பள்ளத்தாக்கு அடியிலிருந்தும் நடைப்பயணிகளையும் ஃபேன்டம் ராஞ்சில் இருந்தவர்களையும் வெளியேற்றினார்கள். தீ 1,45,000 ஏக்கர்வரை பரவிவிட்டது. எரிந்ததில் பிரைட் ஏஞ்சல் ஓடைக்கு நீர் தரும் சரிவுகளும் அடக்கம்.

மரமும் புல்லும் எரிந்த சரிவு மழைநீரைப் பிடித்து வைக்காது. சாம்பலும் சேறும் பாறையும் சேர்ந்து ஓடைக்கு வரும். சில வருடங்களுக்கு இது தொடரும். ஊற்றிலேயே நீரை எடுத்திருந்தால் இந்தக் கலங்கல் பெரும்பகுதி குடிநீருக்குள் வந்திருக்காது. வெள்ளம் குழாயைத்தான் உடைத்திருக்கும். ஓடையிலிருந்து எடுத்தால் குழாய் தப்பிக்கும், ஆனால் நீர் எடுக்கும் வாயில் வண்டல் சேரும், வடிகட்டிகள் திணறும். ஓடையிலிருந்து எடுக்கும் திட்டம் தீக்கு முன் போட்ட கணக்கு. வண்டல் படியவைக்கும் தொட்டியின் கொள்ளளவும், கலங்கல் மிகும் நாட்களில் ஓடையிலிருந்து எடுப்பதை நிறுத்திவிட்டு விளிம்புத் தொட்டிகளை நம்பி எத்தனை நாள் ஓட்டலாம் என்பதும்தான் புதிய அமைப்பின் தரத்தைக் காட்டும். புதுக்குழாய் எத்தனை அழுத்தம் தாங்கும் என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்வி.

விடுமுறைக்கு அங்கே போகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பூங்கா 2012-லேயே சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் விற்பனையை நிறுத்தி, ஊற்று நீரை இலவசமாக நிரப்பிக்கொள்ளக் குழாயடிகள் வைத்தது. பாதையோரக் குழாயடிகளும் அதே பழைய குழாயைத்தான் நம்பியிருக்கின்றன. ஆகவே வேலை முடியும்வரை, கிளம்பும் அன்று காலை பூங்காவின் அறிவிப்பில் எந்தக் குழாயடியில் தண்ணீர் இருக்கிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். குழாய் உண்டு என்று எழுதியிருந்தாலும், போகவர வேண்டிய மொத்தத் தண்ணீரையும் முதுகில் சுமந்து போவதே உத்தமம். அல்லது ஓடைநீரைச் சுத்தப்படுத்தும் கைவடிகட்டி ஒன்றாவது பையில் இருக்கட்டும். சேறும் சாம்பலும் வரும் நாளில் அதுவும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.